இரண்டாம் எண் ஜாடி

திங்கட்கிழமை வந்த இரண்டு ஜாடிகளையும்
ஈயப் பெட்டிக்குள் ஒரு நாள் வைத்திருந்தோம்,
கதிர் அடங்கட்டும் என்று.
கெரின் மடாக். நாற்பத்து நான்கு.
தகரக் கூரை போடுபவர், டவுன்ஸ்வில்.
வலது தோளின் பின்னால் ஒரு மச்சம்,
ஆழம் ஒன்று புள்ளி ஒன்பது மில்லிமீட்டர்.
அந்த மச்சம் முன்பே எங்கள் இழுப்பறையில் இருக்கிறது,
மெழுகுக்குள்.

ஒன்றாம் எண்: மொச்சை அளவு, கறுப்பு.
மைக்கூட்டில் முக்கி எடுத்த கறுப்பு.
படிவத்தின் ஓரத்தில் அறுவை மருத்துவர் ஹஸ்லக்
கிறுக்கியிருந்தார்: கறுத்திருக்கிறது. சீக்கிரம்.
இரண்டாம் எண்: அதில் பாதிகூட இல்லை, வெளிறியது.
அதைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இந்த அறுவையின் கணக்கும் அதுதான்:
மச்சத்திலிருந்து கிளம்பும் நிணநீர்
முதலில் ஏறி இளைப்பாறும் கணுவை எடு,
அக்குளில் மிச்சமிருப்பதைச் சொல்லிவிடலாம்.
என் மேசைக்கு அந்தப் பழமொழி போதாது.
எடுத்த சோற்றையே ஏடு ஏடாகச் சீவ வேண்டும்,
நாலு மைக்ரான், மூச்சை அடக்கிக்கொண்டு.
மின்விசிறியை நிறுத்தியிருந்தேன்.
வெளியே டிசம்பர்;
கார் நிறுத்துமிடத்தில் தார் இளகிக் கிடந்தது.

வழக்கமான பழுப்புச் சாயம் இதற்கு உதவாது,
மெலனினும் பழுப்பு,
எது சாயம் எது நோய் என்று தெரியாது.
சிவப்பு போட்டேன்.

டாக்டர் ஓர்லா ட்விக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"இது மெலனின் இல்லை. கரி."
ஹஸ்லக்கை அழைத்தார்.
தோளில் பச்சை குத்தியிருக்கிறாரா?
இல்லை, தோல் சுத்தம்.
கேட்டுப் பாருங்கள்.

கேட்டிருக்கிறார். மனைவி அறையில் இருந்தாளாம்.
அவள் காப்பி வாங்கக் கீழே போனதும்
கெரின் மடாக் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்:
பத்தொன்பது வயதில், புஜத்தில், ஒரு பெயர்.
கல்யாணத்துக்கு முன் லேசரில் அழித்தது.
ஆறு அமர்வு, தவணையில் பணம் கட்டி.

அழிந்தது எங்கே போகும்?
உடைந்த எழுத்துகள் பொடிப்பொடியாக
அக்குள்வரை நடந்து வந்து
தின்னும் செல்களின் வயிற்றில் குடியேறியிருந்தன.
முதலெழுத்து ஏதாவது தெரிகிறதா என்று
நான் தேடினேன், ஒரு நிமிடம்.
வெட்கமாக இருந்தது.

ஒன்றாம் எண்ணில் எந்த ஏட்டிலும் சிவப்பு ஏறவில்லை.
அன்று மதியம் சிரித்தோம்.
ஓர்லா ஓர் அன்னாசி வெட்டினார்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நினைப்பவள் இல்லை நான்.
ஆனாலும் இரண்டாம் எண்ணை
வியாழன்வரை தட்டின் கடைசியில்தான் வைத்திருந்தேன்.
முதல் ஏடு, ஒன்றுமில்லை.
இரண்டு, மூன்று, நான்கு, ஒன்றுமில்லை.
ஐந்தாவதில், உறைக்குக் கீழே
நிணநீர் நுழையும் அந்த மெல்லிய விளிம்பில்,
சிவப்பு.
ஏழு செல். ஒன்றையொன்று ஒட்டி,
கடை மூடியபின் வாசலில் ஒதுங்கியவர்கள்போல.

"உட்கார்," என்றார் ஓர்லா,
மறுமுனைக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி.
அளந்தார். பூஜ்யம் புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
மறுபடி அளந்தார். அதே.

அறிக்கையை மனைவியும் படிப்பாள்.
ஓர்லா கொஞ்சம் யோசித்துத் தட்டச்சு செய்தார்:
ஒன்றாம் கணு, வெளியிலிருந்து வந்த நிறமி, புற்று இல்லை.
இரண்டாம் கணு என்று தொடங்கி
எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

மச்சம், கறுப்பு, வெளுப்பு.
மூன்று மெழுகுக் கட்டிகளையும் ஒரே வரிசையில் அடுக்கி
இழுப்பறையைத் தள்ளினேன்.
பாதியில் சிக்கிக்கொண்டது.
வெளியே இழுத்து, மறுபடி தள்ளினேன்.